காய விடாத அக்கா

அக்கா ஒரு வேலையைப் பாதியில் விட்டு எழுந்துபோனது, எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தடவை. அவர் எழுந்துபோனதை நான் பார்க்கவில்லை. அவர் விட்டுப்போன இடத்தைத்தான் பார்த்தேன். பிறகு எங்கள் ஆய்வுகூடத் தலைவரான பெரிய டொக்டர் விசாரித்தபோது, "மறந்துட்டேன் சேர்" என்று மட்டும் சொன்னார். டொக்டர் நம்பவில்லை. அக்காவை ஒரு வாரம் தெரிந்தவர்கள்கூட நம்பியிருக்கமாட்டார்கள்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவர் முதல் பெரிய டொக்டர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். டொக்டர் சிங்களவர், அவர் மொழியிலும் அக்காவுக்கு அக்கா என்றுதான் சொல்வார்கள் என்பதால் சிரமமே இருக்கவில்லை. ஹட்டனில் பஸ் ஏறி, தேயிலை மலையை வளைந்து வளைந்து சுற்றினால் வருகிற ஒரு மேட்டில் அந்த ஆய்வுகூடம் இருந்தது. தேயிலைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது வேலை. நானும் அக்காவும் அங்கே உதவியாளர்கள். எனக்குச் சில வருஷம் முன்னால் சேர்ந்தவர் என்பதைத் தவிர எங்களுக்குள் பெரியவர் சின்னவர் கிடையாது. அவருடைய அப்பா பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அக்கா ஹட்டனில் தம்பி வீட்டில் இருந்துகொண்டு காலை முதல் பஸ்ஸில் வருவார்.

வந்ததும் வேலையைத் தொடமாட்டார். குடையை ஆணியில் மாட்டுவார், முகம் கழுவுவார், நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் யாராவது ஏதாவது கேட்டால், "இன்னும் பஸ்ஸுலதான் இருக்கேன் தம்பி, எறங்கிட்டுச் சொல்றேன்" என்பார். எனக்கோ பொறுமை என்பது பிறக்கும்போதே கொடுக்கப்படாத சாமான். சோற்றை வாயில் வைத்துக்கொண்டே அடுத்த வேலைக்கு ஓடுகிற ஆள். எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் போட்ட புண்ணியவான் யாரென்று தெரியவில்லை.

மேசை மேல் எங்கள் குழாய் நின்றது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான கண்ணாடிக் குழாய். உள்ளே கப்பலில் வந்த வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் குழைத்து ஊற்றி, காற்றுக் குமிழி இல்லாமல் படிய வைத்திருக்கும். அதன் தலையில் தேயிலைச் சாற்றை விட்டு, மேலேயிருந்து வினாகிரி கலந்த தண்ணீரைச் சொட்டவிட்டால், சாற்றில் இருப்பவை ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் கீழே இறங்கும். முதலில் மஞ்சள், பிறகு செம்மஞ்சள், கடைசியாக, போக மனமே இல்லாத ஒரு கருஞ்சிவப்பு. அடியில் ஒரு கண்ணாடித் திருகு. அதைத் திறந்து ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனிக் குப்பியில் பிடிப்போம். அறை முழுக்க ஊறுகாய் போட்ட வீடு மாதிரி மணக்கும்.

நிறங்களைப் பிடித்தாயிற்று என்றால் என் கணக்கில் வேலை முடிந்தது. அக்காவுக்கு அங்கேதான் தொடங்கும். பொடியின் தலையில் தேயிலைக் கறை ஒரு வளையமாகப் பிடித்திருக்கும். அதைக் கரைக்க ஸ்பிரிட் கலந்த தண்ணீர் விடுவார். பிறகு வெறும் தண்ணீர். மேலே விட்டதும் கீழே வந்ததும் பார்க்க ஒன்றாகும் வரைக்கும் விடுவார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. மறுபடி வினாகிரித் தண்ணீரை விட்டு, அடியில் விழுகிற சொட்டு மேலே நிற்கிற தண்ணீர் அளவுக்கே புளிப்பாகிற வரை காத்திருப்பார். தாளில் தொட்டு நிறம் பார்ப்பார். அது போதாதென்று மோந்தும் பார்ப்பார். குழாயை அடுத்ததற்குப் பழக்குவது என்பார் அதை. அதற்குப் பிறகுதான் அடுத்த சாறு.

"போதுமேக்கா, தெளிஞ்சிருச்சே" என்று நான் பறப்பேன்.

"ஒங்க கண்ணுக்குத் தெளிஞ்சிருச்சு. அதுக்கு இன்னும் தெளியல" என்பார். "நேத்து வந்த எலையோட கறை இன்னைக்கு வர்ற எலை மேல ஒட்டக் கூடாது தம்பி. இது என்ன பாவம் செஞ்சுச்சு?"

அவர் ஓயாமல் சொன்னது இன்னொன்று: காய விடக்கூடாது. கழுவும்போதோ, காத்திருக்கும்போதோ, தண்ணீர் மட்டம் பொடியின் தலைக்குக் கீழே இறங்கிவிடக் கூடாது. இறங்கினால் காற்று புகுந்துவிடும். பொடி சுருங்கி வெடிப்பு விடும். அப்புறம் எந்தச் சாற்றை ஊற்றினாலும் நிறங்கள் முறையாக இறங்காமல் வெடிப்பு வழியாகக் குறுக்கே ஓடிவிடும். எல்லாவற்றையும் வெளியே தள்ளி, ஊறவைத்து, முதலிலிருந்து நிரப்ப வேண்டும். வெளிநாட்டுச் சாமானுக்குக் கட்டுப்பாடு வந்திருந்த காலம் அது. பொடி இன்னொரு டின் கிடைக்குமென்று சொல்ல டொக்டருக்கே தைரியமில்லை.

ஒருநாள் நான் வெளி வராந்தாவில் இருந்த ஜாடியிலிருந்து தண்ணீரை அப்படியே எடுத்து ஊற்றிவிட்டேன். தை மாதக் குளிர். தண்ணீர் பல்லைக் கூசவைக்கும். வெயில் ஏறி அறை சூடானதும் குழாய்க்குள்ளே முத்து முத்தாகக் குமிழி. குளிர்ந்த தண்ணீர் தனக்குள் இருந்த காற்றையெல்லாம் அங்கே வந்து கக்கிவிட்டது. அக்கா திட்டவில்லை. "வெளிய குளிர்ல நின்னுட்டு வந்தவங்கள ஒடனே பந்தியில ஒக்கார வப்பீங்களா? கொஞ்சம் உள்ளுக்கு இருக்கட்டும்னு சொல்வீங்கள்ல?" என்றார். அன்று முழுக்க விரலால் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் குமிழிகளை மேலே அனுப்பினோம். பெரும்பாலும் அவர்தான் தட்டினார். நான் தட்டிய தட்டில் குழாய் உடைந்துவிடும் என்று பயந்து என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டார்.

தீபாவளி, பொங்கல் என்று ஆய்வுகூடம் மூடும்போது குழாயையும் தூங்கவைக்க வேண்டும். வெறும் தண்ணீரில் விட்டால் எங்கள் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் ஸ்பிரிட் கலந்த தண்ணீர் நிறைய விட்டு, மேலும் கீழும் தக்கை அடைத்து, நிமிர்த்தியே நிறுத்திவைப்பார். ஒரு தீபாவளிக்கு, காவலுக்கு இருந்த எங்கள் வாச்சர் அந்தத் தக்கையைக் கழற்றி, மேலே நின்ற ஸ்பிரிட் தண்ணீரைக் குடித்துவிட்டு, மலைப் பீலியில் வடிகிற தண்ணீரை ஊற்றித் தக்கையை மறுபடி அடைத்துவைத்துவிட்டார். லீவு முடிந்து வந்த அக்கா தக்கையைத் திறந்து மோந்து பார்த்த உடனே வாச்சரைக் கூப்பிட்டார். மனுஷன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ருசி எப்புடி இருந்துச்சுங்க?" என்று கேட்டார் அக்கா.

"அவ்வளவு நல்லா இல்லீங்க அக்கா" என்றார் வாச்சர், பொய் சொல்லத் தெரியாமல்.

டொக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று நான் குதித்தேன். அக்கா கேட்கவில்லை. "குடிச்சது தப்புத்தான். ஆனா காய விடல பாருங்க" என்று வாச்சருக்கு நற்சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டு, பூஞ்சணத்தைக் கழுவ உட்கார்ந்தார். அதிலிருந்து வாச்சர் அக்காவுக்காக உயிரையும் கொடுக்கிற ஆளாகிவிட்டார். குடியை மட்டும் விடவில்லை.

அக்காவைப் பெண் பார்க்க வந்த கதை ஹட்டன் முழுக்கத் தெரியும். நுவரெலியாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து, பலகாரம் சாப்பிட்டு, காப்பி குடித்து, வீட்டில் இருந்த படங்களையெல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் பெண்ணைப் பார்க்காமலே ரயிலேறிப் போனார்கள். பெண் அந்த நேரம் குழாய் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி மாதக்கணக்கில் அவரோடு பேசவில்லை.

"என்னக்கா, கொஞ்சம் முன்னாடியே போயிருக்கலாமே?" என்றேன்.

"கறை வந்துக்கிட்டே இருந்துச்சே தம்பி." தாளில் ஒரு சொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத கழுவுற நேரம்கூட ஒக்காந்திருக்க ஏலாத மனுஷர்கூட எப்புடி ஆயுசு முழுக்க இருக்கிறது?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. எனக்கு அந்த மாப்பிள்ளை மேலும் கோபம், அக்கா மேலும் கோபம், குழாய் மேலும் கோபம்.

என் மனைவி பாக்கியம் அந்தக் கதையைக் கேட்டு, "அந்த அக்காவுக்குக் கண்ணாடிக் குழாய்தான் புருஷன் போல" என்றாள். அவளுக்கு அக்கா மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஆய்வுகூடத்துக்கு மேலே, கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. இத்தனை வருஷத்தில் அக்கா ஒருநாள்கூட வந்ததில்லை. வாங்கக்கா என்றால், "வாறேன், இது ஓடி முடியட்டும்" என்பார். அது ஓடி முடிந்தால் கழுவ வேண்டும். கழுவினால் அடுத்ததற்குப் பழக்க வேண்டும். அதற்குள் கடைசி பஸ் வந்துவிடும். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்காமல் போயின. இரண்டாவது போனபோது தோட்டமே வந்து எட்டிப் பார்த்தது. அக்கா வரவில்லை. பாக்கியம் அதை மறக்கவில்லை.

அக்கா அந்தத் தடவை என்ன செய்தார் என்பதை நான் பாக்கியத்திடம் சரியாகச் சொல்லாமல் போனேனோ என்னவோ. காரியம் முடிந்த கையோடு நான் வேலைக்கு வந்துவிட்டேன். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. டொக்டர் எனக்குப் புதுச் சாறு ஒன்றைக் கொடுக்க வந்தார். அக்கா எழுந்துபோய், "அவருக்கு இன்னும் தெளியல சேர்" என்று அதை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். என்னைக் குழாய் முன்னால் உட்காரவைத்தார். "நீங்க இன்னைக்கு இதைக் கழுவுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம். சொட்டு விழுறத மட்டும் பாருங்க" என்றார். நான் பார்த்தேன். கறை கரைந்து கரைந்து வந்தது. எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியாது. அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அதே வேலையைத்தான் கொடுத்தார். அதற்கு மறுநாளும். அந்தக் குழாய் அத்தனை சுத்தமாக ஒருபோதும் இருந்ததில்லை. அந்த நாட்களில் அவர் என்னிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் பைத்தியம் பிடிக்காமல் தப்பியது அவரால்தான்.

மூன்றாவதாகப் பாக்கியம் உண்டானபோது நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளையும் தங்காவிட்டால் பாக்கியமும் தங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் சொட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாரம் தூக்க விடாதீங்க" என்றார். அதோடு சரி. வீட்டில் போய்ச் சொன்னேன். "அவ்வளவுதானா சொன்னாங்க?" என்றாள் பாக்கியம்.

எட்டாம் மாதம். ஆனி மழை விடாமல் பிடித்திருந்தது. கொழும்புத் துறைமுகத்தில் கிடந்த கண்ணாடிச் சாமான் பெட்டியை எடுத்துவர டொக்டர் என்னை அனுப்பினார். பிரசவத்துக்கு நாள் இருக்கிறதே என்று போனேன். நான் கிளம்பும்போது அக்கா குழாயைக் கழுவி முடித்து, அடுத்ததற்குப் பழக்கிக்கொண்டிருந்தார். மாசி மாத வறட்சிக் காற்றில் கொழுந்துக்கு ஒரு தனி மணம் வருமே, அந்தப் பருவத்துச் சாற்றில் மிச்சமிருந்த கடைசிப் பங்கு அதற்காகக் காத்திருந்தது. "நீங்க வர்றதுக்குள்ள இது தயாரா இருக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலில் ஹட்டனுக்கு வந்து, பஸ் பிடித்து, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடு ஏறினேன். ஆய்வுகூடக் கதவு சும்மா சாத்தியிருந்தது. பெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடலாம் என்று உள்ளே போனேன்.

குழாய் காய்ந்துகிடந்தது.

மேலே தண்ணீர் ஊற்றிவைத்திருந்த ஜாடி காலி. பொடி சுவரை விட்டு விலகி, தலையிலிருந்து நடு வரைக்கும் வெடிப்பு விட்டிருந்தது. கீழே வைத்த பாத்திரம் நிறைந்து, வழிந்து, மேசையெல்லாம் ஓடி, தரையில் தேங்கிக் கிடந்தது. ஆணியில் அக்காவின் குடை. மேசையில் திறக்காத சாப்பாட்டுப் பெட்டி. நாற்காலி மல்லாந்து கிடந்தது. அடியில் அந்தக் கண்ணாடித் திருகு திறந்தபடியே இருந்தது. அதை மூட ஒரு நொடி போதும். கையை நீட்டி ஒரு திருகு.

அக்கா செத்துப்போய்விட்டார் என்றே நினைத்தேன். உயிரோடு இருக்கிற அக்கா அந்தத் திருகை மூடாமல் போயிருக்கவே முடியாது. "அக்கா, அக்கா" என்று அந்த வெற்று அறைக்குள் கத்தினேன்.

சத்தம் கேட்டு வாச்சர் ஓடிவந்தார். "அக்காவுக்கு ஒண்ணும் இல்லீங்க! ஒங்க வீட்டம்மாவுக்குத்தாங்க... நேத்து மத்தியானம் ஆய்வுகூடத்து வாசல்ல வந்து விழுந்துட்டாங்க. சேலையெல்லாம் ரத்தம். சனிக்கிழமங்கிறதால எல்லாரும் போயிட்டாங்க, அக்கா மட்டுந்தான் இருந்தாங்க. நான் வர்றதுக்குள்ள அக்கா மழையில தோட்டத்து ஸ்டோருக்கு ஓடிட்டாங்க. தேயிலைப் பெட்டி ஏத்துற லொறிய மறிச்சுக் கொண்டாந்து, மடியில தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. இன்னும் திரும்பல."

நான் திரும்பி ஓடியதோ, பஸ் ஏறியதோ, ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி விழுந்ததோ எதுவும் ஒழுங்காக ஞாபகமில்லை. வார்டு வராந்தாவில் ஒரு நீள மர வாங்கில் அக்கா உட்கார்ந்திருந்தார். நேற்றைய சேலை. அதில் கறை காய்ந்து கறுத்திருந்தது. தலை கலைந்திருந்தது. கையில் ஒரு துணி மூட்டை. அது அசைந்தது.

"பொம்பளப் புள்ள தம்பி" என்றார். "எடை கொஞ்சம் கம்மி. பாக்கியத்துக்கு ரத்தம் ஏத்தியிருக்காங்க. இப்பத்தான் தூங்குது. பயம் இல்லைன்னு இங்க உள்ள டொக்டர் சொல்லிட்டாரு."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாயைத் திறந்தால் அழுகை வந்தது. அக்கா மூட்டையை மடியில் சரித்துக்கொண்டார். வழக்கம்போல எனக்கு நேரம் கொடுத்தார். கொஞ்சம் பேச முடிந்ததும், எதைப் பேசுவதென்று தெரியாமல், மனதில் நின்றதைச் சொன்னேன்.

"ஆய்வுகூடத்துக்குப் போனேன்க்கா. குழாயப் பாத்துட்டு நீங்க செத்துட்டீங்கன்னே நெனச்சுட்டேன்."

"ஏன், குழாய்க்கு என்ன?"

"டேப்பு தொறந்தே இருந்துச்சுக்கா."

அக்கா என்னை விழித்துப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து அந்த வாங்கில் உட்கார்ந்திருந்த அத்தனை நேரத்தில் ஒரு தடவைகூட அது அவர் நினைவுக்கு வரவில்லை.

"நான் மூடலையா?"

"மூடலக்கா."

"அப்ப காஞ்சிருக்குமே."

"அடி வரைக்கும் காஞ்சிருச்சு. வெடிச்சும் போச்சு."

மூட்டைக்குள்ளே பிள்ளை சிணுங்கியது. அக்கா துணியைக் கொஞ்சம் விலக்கி முகத்தைப் பார்த்தார். சுண்டுவிரலைப் பக்கத்திலிருந்த கிண்ணத்துச் சர்க்கரைத் தண்ணீரில் தோய்த்து அதன் உதட்டில் ஒரு சொட்டு விட்டார். அது சப்பியது. இன்னொரு சொட்டு விட்டார்.

"சரி, காயட்டும்" என்றார்.